அராபாவின் மீன் நாறவில்லையாம்

அராபா எஸுமானைக் காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போனார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்க வேண்டாம். என் தையல் கடை மீன் சந்துக்கு நேர் எதிரே இருக்கிறது. வெளிச்சம் வேண்டும் என்பதற்காக மிஷினைத் தெருவைப் பார்த்துப் போட்டிருக்கிறேன். ஊசியைப் பார்க்கிற கண் கொஞ்சம் நிமிர்ந்தால் அராபாவின் தொட்டிதான் தெரியும். அதற்கு நான் பொறுப்பில்லை.

அராபா மொமோனே விற்கிறவள். கடலிலிருந்து வந்த மீனை அன்றே உப்புப் போட்டுக் காயவைத்தால் அது வெறும் கருவாடு. அதை எவளும் செய்வாள். மொமோனேக்கு மீன் முதலில் நாற வேண்டும். உடம்பு தளர்ந்து, கண் கலங்கி, பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்துகிற பக்குவம் வந்த பிறகுதான் உப்பு. உப்புக்குப் பிறகு மூடிய தொட்டி, தொட்டிக்குப் பிறகு வெயில். கருவாடு நாறினால் அது அதன் தலையெழுத்து. மொமோனே நாறினால் அது செய்தவளின் கைப்பக்குவம். நகமளவு துண்டு போதும், ஒரு சட்டி கொன்டோமிரேக் கீரைக்கு உயிர் வந்துவிடும். அந்தத் துண்டு இல்லாமல் ஒரு வீட்டில் கீரை கொதிக்கிறது என்றால் அங்கே யாருக்கோ காய்ச்சல் என்று அர்த்தம்.

எங்கள் சந்தையில் ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு ராணி உண்டு. தக்காளிக்கு ஒருத்தி, மரவள்ளிக்கு ஒருத்தி, மொமோனேக்கு ஒருத்தி. யார் எங்கே கடை போடுவது என்று சொல்வது அவள். சண்டை வந்தால் தீர்ப்பது அவள். துக்க வீட்டுக்கு எல்லாரையும் கறுப்பும் சிவப்பும் உடுத்த வைத்து அழைத்துப்போவதும் அவள். மொமோனே ராணியாக இருந்த மாமே அபனேவா, முழங்கால் வலியோடு டகோராடிக்கு மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். நாற்காலி காலி. ஈஸ்டர் கழிந்ததும் புது ராணியை உட்கார வைக்க வேண்டும். போட்டியில் இருந்தது இரண்டே பேர். ஒருத்தி அராபா. இன்னொருத்தி அதே சந்தின் முனையில் கடை வைத்திருக்கும் எகுவா பென்சிவா.

இந்த இருவருக்கும் என்ன வித்தியாசம் என்றால், அராபா தொட்டி திறக்கிற நாளில் பின்னாலிருக்கும் தேவாலயத்தில் பாட்டுப் பயிற்சியைத் தள்ளி வைத்துவிடுவார்கள். எகுவா தொட்டி திறந்தால் பயிற்சி நடக்கும். ஜன்னலோரம் நிற்பவர்கள் மட்டும் இடம் மாறிக்கொள்வார்கள். வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் ராணி நாற்காலியின் நாலு காலும் அந்த வித்தியாசத்தின் மேல்தான் நிற்கின்றன.

இந்த நேரம் பார்த்துத்தான் புதிய சாமன்சாமன் வந்து சேர்ந்தார். சுகாதார ஆய்வாளரை நாங்கள் அப்படித்தான் சொல்லுவோம். வாயைத் திறந்தாலே சம்மன் என்பதால் வந்த பெயர். இவர் பெயர் அயம்கா. வடக்கே போல்கடங்காக்காரர். வயது சின்னது, சட்டையில் இஸ்திரி மடிப்பு கத்தி மாதிரி. மீன் சந்துக்குள் காலுறை போட்டுக்கொண்டு வந்த முதல் மனிதர் அவர்தான். மொமோனே அவருக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். கீரைக்குள் நகமளவு துண்டாகத் தெரியும். திறந்த தொட்டியை வெறும் மூக்கோடு சந்தித்தது அன்றுதான்.

"மாமே, இது என்ன?"

"மீனு, மாஸா."

"என்ன ஆச்சு இதுக்கு?"

"என்ன ஆகணும்? இப்பத்தான் ஆகி வந்திருக்கு."

அயம்கா குனிந்தார். உடனே நிமிர்ந்தார். "மாமே, இது அழுகிப்போச்சு!"

அராபாவின் முகம் மலர்ந்ததை நான் என் இடத்திலிருந்தே பார்த்தேன். புது ஆள், வடக்கத்தி ஆள், முதல் மூச்சிலேயே கண்டுபிடித்துவிட்டாரே!

"நல்லா அழுகியிருக்கா? சத்தமா சொல்லுங்க மாஸா. சந்து முனை வரைக்கும் கேக்கட்டும்."

"தெரிஞ்சேவா விக்கிறீங்க?"

"இது என்ன கேள்வி? நானே அழுக வெச்சது. மன்கெஸிம் வரைக்கும் போய்க் கேளுங்க, அராபா மாதிரி அழுக வைக்க இன்னொருத்தி இருக்காளான்னு."

அயம்கா எழுதிக்கொண்டே இருந்தார். ஏதோ பள்ளிக்கூட விடுதிக்கு மொத்தமாக வாங்கத்தான் எழுதுகிறார் என்று அராபா நினைத்தாள். "பெரிய மீனா எடுத்துத் தரட்டுமா?" என்று கேட்டு, தொட்டியிலேயே கொழுத்த ஒன்றை எடுத்துக் கறுப்புப் பையில் போட்டும் கொடுத்தாள். அந்தப் பையோடுதான் அவளைக் கூட்டிப்போனார்கள். சார்ஜென்ட் பைடூ முன்னால் நடந்தார். அவர் உள்ளூர்க்காரர், சந்தில் யார் முகத்தையும் அவர் பார்க்கவில்லை.

மறுநாளே ஜாமீனில் வந்துவிட்டாள். கேப் கோஸ்டிலிருந்து அவள் தங்கை மகன் எபோ வந்திருந்தான். வக்கீல். அவள் வீட்டில் வளர்ந்த பையன்தான், ஆனாலும் கறுப்புக் கோட்டில் வாசம் ஏறிவிடும் என்று கோட்டைக் கழற்றி என் கடையில் மாட்டிவிட்டுப் போனான். கோட்டுக்குக் காவலாக நான் கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்ந்து உட்கார வேண்டியதாயிற்று.

"பெரியம்மா, சட்டம் மூணு முடிச்சுப் போட்டிருக்கு," என்றான். "ஒண்ணு, பொருள் அழுகியிருக்கணும். ரெண்டு, அது விக்கிறவங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். மூணு, அதனால தின்னவங்க உடம்புக்குக் கெடுதல் வர்ற மாதிரி இருக்கணும். மூணும் சேந்தா ஜெயில். கடையையும் மூடிருவாங்க. ஒரு முடிச்சு அவுந்தாக்கூட நீங்க வீட்டுக்குப் போலாம்."

"எதை அவுக்கப் போறே?"

"முதல் முடிச்சுதான் சுலபம். மீன் அழுகலே இல்ல, லேசா ஒரு வாசம், அவ்வளவுதான்னு சொல்லிரலாம்."

அராபா கையிலிருந்த கென்கே சோளமாவு உருண்டையைத் தட்டில் வைத்தாள். "லேசாவா?"

"கோர்ட்டுக்காக, பெரியம்மா."

"உன்னைப் படிக்க வெச்சது இந்த நாத்தம்தாண்டா. உன் கறுப்புக் கோட்டு, உன் பளபளா ஷூ எல்லாம் இந்த நாத்தம்."

"அதனாலதான் உங்களை ஜெயிலுக்கு விடக்கூடாதுன்னு பாக்கறேன். நீங்க அங்க வாயே தொறக்க வேணாம். நான் பாத்துக்கறேன். சத்தியம் பண்ணுங்க."

வாயைத் திறப்பதில்லை என்று அராபா சத்தியம் செய்தாள். அதைக் கேட்டு மீன் சந்து முழுக்கச் சிரித்தது. அவள் கடைசியாக வாயை மூடிக்கொண்டிருந்தது ஞானஸ்நானத்தின்போதாகத்தான் இருக்கும். அப்போதும் தண்ணீர் வாய்க்குள் போனதால்.

எகுவா துக்கம் விசாரிக்க வந்தாள். புதுத் துணி கட்டிக்கொண்டு வந்தாள் என்பதைக் கவனித்தேன்.

"கவலைப்படாதே அராபா. நீ உள்ள போனாலும் உன் வாடிக்கையை நான் பாத்துக்கறேன்."

"நீ பாத்துக்குவே. அவங்க மூக்குதான் உன்னைப் பாக்காது."

"ஜெயில்ல இருந்துட்டு வந்தவங்க ராணி நாற்காலியில உக்காந்ததா நான் கேள்விப்பட்டதில்ல, அவ்வளவுதான் சொல்ல வந்தேன்."

"சொல்லிட்டேல்ல. காத்து வர்ற வழியில நிக்காம நகரு."

இதற்கிடையில் அந்தக் கறுப்புப் பைக்கு ஒரு கதை நடந்தது. அதை எனக்குச் சொன்னது சார்ஜென்ட் பைடூவின் மனைவி ஆபா. சட்டைக்கு அளவெடுக்கும்போது பெண்கள் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள். நான் வாயில் குண்டூசி வைத்திருப்பதால் குறுக்கே பேசமாட்டேன் என்ற தைரியம்.

சாட்சிப் பொருளாக அந்த மீனை நிலையத்து அலமாரியில் வைத்திருந்தார்கள். ஒன்று மீன் இருக்க வேண்டும், இல்லை நாங்கள் இருக்க வேண்டும் என்று மற்ற காவலர்கள் சொல்லிவிட்டார்கள். வழக்குக்கு முந்தின சாயங்காலம் பைடூ பையை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமையல்கட்டுப் படியில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். ஆபா பையைத் திறந்து பார்த்தாள். அராபா எஸுமானின் மொமோனே! அதிலும் இவ்வளவு பெரிது! கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதர் இப்படி ஒரு மீன் வாங்கிவந்ததில்லை. ஏதோ தப்புப் பண்ணியிருக்கிறார், அதற்குத்தான் இது என்று நினைத்துக்கொண்டாள். நினைத்தாலும், எங்கள் ஊரில் எந்தப் பெண்ணும் மொமோனேயைப் பார்த்ததும் என்ன செய்வாளோ அதைத்தான் கை தானாகச் செய்தது. உப்புப் போகக் கழுவினாள். எலுமிச்சையைப் பிழிந்து தேய்த்தாள். வயிற்றுப் பக்கம் சுரண்டி, வெந்நீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றினாள். வெங்காயம் செம்பனை எண்ணெயில் வதங்கிக்கொண்டிருந்தபோது பைடூ தலையில் சோப்பு நுரையோடு வெளியே வந்தார்.

"ஆபா, இங்க ஒரு பை இருந்துச்சே?"

"ஊறுது."

"என்ன ஊறுது?"

"மீனுதான். இப்ப சட்டியில போட்டுருவேன், நீங்க நிதானமா குளிச்சிட்டு வாங்க."

"அடியே, அது சாட்சிடீ!"

"சாட்சிக்கா இவ்வளவு உப்பு?"

சட்டிக்கு ஒரு சாண் மேலே அந்த மீனைப் பிடித்துக் காப்பாற்றினார் மனிதர். துடைத்தார், பையில் போட்டார், கட்டினார். யாரிடமும் சொல்லவில்லை. கண்ணில் சோப்பு போனதால்தான் அன்று அழுதார் என்று ஆபா சொன்னாள். இருக்கலாம்.

வழக்கு நாளன்று நீதிமன்றக் குமாஸ்தாவின் மனைவிக்கு ஒரு பாவாடை கொடுக்க வேண்டியிருந்ததால் நானும் அந்தப் பக்கம் போயிருந்தேன். மீன் சந்தில் பாதிப் பேருக்கு அந்தப் பக்கம் ஏதோ வேலை இருந்தது. எகுவா முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

நீதிபதி கிரென்சில் எங்கள் கடற்கரைக்காரர்தான், கனத்த உடம்பு, நல்ல நாக்கு. எங்கள் ஊரில் சாமன்சாமன்கள் தங்கள் வழக்கைத் தாங்களே நடத்துவார்கள். அயம்கா எழுந்து குற்றத்தைப் படித்தார். பிறகு பைடூ பையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். கூட்டம் மூக்கைப் பிடித்துக்கொண்டது. நீதிபதி ஒரு பேனாவால் பையின் வாயை விலக்கி, மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்தார். அப்புறம் மூச்சை விட்டார். அப்புறம் இழுத்தார். இன்னும் கிட்டத்தில் போய் இழுத்தார்.

"என்ன இது? எலுமிச்சை வாசனையா வருது?"

பைடூ கூரையில் சுற்றும் மின்விசிறியைப் பார்த்தார்.

எபோவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் கைக்கு வந்ததை விடுகிற வக்கீல் இல்லை. துள்ளி எழுந்தான். "கனம் நீதிபதி அவர்களே, அதைத்தான் நாங்களும் சொல்கிறோம். இந்த மீனில் அழுகல் வாடையே இல்லை. இப்போதே வழக்கைத் தள்ளுபடி செய்ய வேண்டும்."

"ஆமாம்," என்றார் நீதிபதி. "இந்த நீதிமன்றம் முகர்ந்து பார்த்த வரையில் குற்றவாளிக் கூண்டில் இருப்பவர் விற்ற மீனில் நாற்றம் இல்லை. எழுதிக்கொள்ளுங்கள்."

அயம்காவின் இஸ்திரி மடிப்பு தளர்ந்தது. அராபா பக்கத்து ஆட்கள் கைதட்டினார்கள். எகுவா தட்டவில்லை. மிகவும் மென்மையாக, பக்கத்தில் இருந்தவளிடம் சொல்வது போல, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"ஐயோ பாவம். நாறலையாம்."

அந்தச் சொல் பெஞ்சு பெஞ்சாகப் பின்னால் போனது. நாறலையாம். அராபாவோட மீன் நாறலையாம். நீதிபதியே சொல்லிட்டாராம். கைதட்டல் நின்றுவிட்டது. அராபா கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கழுத்து நரம்பு புடைப்பதை நான் பார்த்தேன். இந்தத் தீர்ப்போடு வெளியே போனால் ஜெயில் இல்லை, கடை மூடல் இல்லை. ராணி நாற்காலியும் இல்லை.

"அது என் மீன் இல்ல!" என்றாள்.

"பெரியம்மா!" என்றான் எபோ.

"மாமே, உக்காருங்க," என்றார் நீதிபதி. "உங்களுக்கு நல்லதுதான் நடந்துகிட்டு இருக்கு."

"எது நல்லது? அராபா எஸுமானோட மீன் நாறலைன்னு எழுதி வெச்சுட்டு, எது ஐயா நல்லது? இது மன்கெஸிம் போகாதா? கேப் கோஸ்ட் போகாதா? நாளைக்கு எவ என்கிட்ட வாங்குவா?"

"பெரியம்மா, சத்தியம் பண்ணீங்க!"

"வாய மூடறேன்னுதான் பண்ணேன். மூக்க மூடறேன்னு பண்ணல."

நீதிபதி நல்ல மனிதர். அவளுக்கு ஒரு வாசலைத் திறந்து காட்டினார். "சரி மாமே. நிதானமா பதில் சொல்லுங்க. அப்படியே மீன் அழுகியிருந்தாலும், அது உங்களுக்குத் தெரியாது. தெரியாதுதானே?" சொல்லிவிட்டுத் தலையை இடமும் வலமும் ஆட்டியும் காட்டினார். எபோவும் ஆட்டினான்.

"தெரியாதா? எனக்கா? ஐயா, நான் தூங்காம முழிச்சிருந்து மோந்து பாத்து எடுத்த மீனு. என் தொட்டியைக் கொண்டுவரச் சொல்லுங்க. தொறந்து பாருங்க. அப்புறம் எழுதுங்க என்ன வேணா."

எபோ உட்கார்ந்து கைகளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அயம்காவின் மடிப்பு மறுபடி விறைத்தது. "அரசுத் தரப்புக்கு ஆட்சேபம் இல்லை," என்றார் அவசரமாக.

தொட்டி தள்ளுவண்டியில் வந்தது. நீதிமன்ற வாசலுக்குள் நுழைவதற்கு முன்னாலேயே, வராந்தாவில் நில வழக்குக்காகக் காத்திருந்த அண்ணன் தம்பி இருவரும் சமாதானமாகிக் கிளம்பிவிட்டார்கள். மூடியைத் திறந்தார்கள். உள்ளே உட்கார முடியாது என்று ஆனதும் நீதிபதி மேசையை வெளியே வேப்பமரத்தடியில் போடச் சொன்னார். அங்கே காற்று கடலிலிருந்து வந்தது. அதுவும் திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்த மாதிரி இருந்தது.

நீதிபதி தொட்டிக்கு மேலே குனிந்தார். அவர் எச்சில் விழுங்கியதை நான் பார்த்தேன்.

"நாறுகிறது," என்றார். "எழுதிக்கொள்ளுங்கள். கடுமையாக நாறுகிறது."

"கடுமையான்னா போதுமா ஐயா?" என்றாள் அராபா. "நல்லா பெரிய வார்த்தையா ஒண்ணு இருக்காதா? நீங்க படிச்சவங்க."

"மிகக் கடுமையாக," என்றார் நீதிபதி.

"எகுவா, கேட்டியாடி?"

"அமைதி!"

"பெரியம்மா," என்றான் எபோ, அழாத குறையாக. "மூணு முடிச்சுல ரெண்டை நீங்களே உங்க கழுத்துல போட்டுக்கிட்டீங்க. இன்னும் ஒண்ணுதான் பாக்கி."

அந்த ஒன்றைப் போடத்தான் அயம்கா எழுந்து வந்தார். சட்டம் படித்தவர் போலப் பேசினார், நன்றாகவே பேசினார். பொருள் அழுகியிருக்கிறது, அது நிரூபணம். விற்றவருக்குத் தெரியும், அதுவும் நிரூபணம். இவ்வளவு நாறுகிற ஒன்று உடம்புக்குக் கெடுதல் செய்யும் என்பதற்குத் தனியாக அத்தாட்சி தேவையில்லை; மூக்கே போதும்.

எபோ எழுந்து, யாருக்காவது வயிறு வலித்ததா என்று கேட்டான். வலிக்கிற வரை காத்திருக்கச் சட்டம் சொல்லவில்லை என்றார் அயம்கா. எபோ காகிதங்களை அடுக்க ஆரம்பித்தான். அராபாவும் முதல் தடவையாகப் பயந்தது தெரிந்தது. நாற்றத்தை நிலைநாட்டியாகிவிட்டது, இனி ராணி நாற்காலிக்குப் பதில் சிறைப் பெஞ்சு. எதையாவது பேச வேண்டுமே என்றுதான் அவள் கேட்டிருப்பாள்.

"மாஸா, உங்க ஊர்ல சூப்புக்கு என்ன போடுவாங்க?"

"அது இந்த வழக்குக்குச் சம்பந்தமில்லை," என்றார் அயம்கா. "தவாதவா."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. தெற்கத்திக்காரர்கள் நாங்கள், தவாதவா என்கிற அந்த வடக்கத்தி விதை உருண்டை என்றாலே ஒரு சிரிப்பு சிரிப்போம். பைடூ, தன் மீது யார் கவனமும் இல்லாத சந்தோஷத்தில், வாயை விட்டார். "அதுவா! வடக்க டமாலேக்கு மாத்தலாகிப் போனப்ப பஸ்ஸுல ஒரு அம்மா மடியில அந்த உருண்டை இருந்துச்சு. ஐயோ, கடலுக்கே திரும்பி ஓடிரலாம் போல நாறுச்சு."

அயம்கா திரும்பினார். அவர் முகம் இப்படிச் சிவக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

"நாத்தமா? சார்ஜென்ட், உங்களுக்கு என்ன தெரியும்? அது கண்டபடி அழுகினது இல்ல. விதையை அவிச்சு, தோலை எடுத்து, மறுபடி அவிச்சு, இலை போட்டு மூடி, பக்குவம் பாத்து எடுக்கணும். கை தெரியாதவங்க செஞ்சா வாசமே வராது, சப்புன்னு இருக்கும். எங்கம்மா மூடியைத் தொறந்தாங்கன்னா கீழ்த்தெரு முழுக்கத் தெரியும், இன்னைக்கு அவங்க வீட்டுல தவாதவான்னு! போல்கா சந்தையில போய்க் கேளுங்க, எங்கம்மா மாதிரி—"

அங்கே நின்றுவிட்டார். தன் வாயிலிருந்து வந்தது தன் காதுக்குள் அப்போதுதான் போய்ச் சேர்ந்தது.

"அம்மா பேரு என்ன மாஸா?" என்று கேட்டாள் அராபா. குரலில் கேலி இல்லை.

"அட்டம்போகா."

"அவங்கதானே அங்க ராணி?"

"வேற யாரைப் போடுவாங்க?" என்றார் அயம்கா, தரையைப் பார்த்துக்கொண்டு.

நீதிபதி தொண்டையைக் கனைத்தார். "ஆய்வாளரே, உங்க அம்மா செய்யற தவாதவா உடம்புக்குக் கெடுதலா?"

"இல்லவே இல்ல ஐயா!"

"நாறுமா?"

அயம்கா தொட்டியைப் பார்த்தார், பைடூவைப் பார்த்தார், வடக்குத் திசையையும் ஒரு தடவை பார்த்தார். "நல்லாவே நாறும் ஐயா."

"அப்ப நாத்தம் வேற, கெடுதல் வேற."

"அப்படித்தான் ஆகுது ஐயா."

தீர்ப்பை நீதிபதி நின்றுகொண்டே சொன்னார். காற்றின் திசை மாறிக்கொண்டிருந்தது. மீன் அழுகியது, மிகக் கடுமையாக. விற்றவருக்கு அது தெரியும், இந்த மாவட்டத்தில் வேறு எவரையும்விட நன்றாகத் தெரியும். ஆனால் தின்பவருக்குக் கெடுதல் என்று நிரூபணமாகவில்லை. குற்றவாளி இல்லை. அராபாவைத் தோளில் தூக்கினார்கள். தொட்டியை யாரும் தூக்க முன்வராததால் வண்டியிலேயே தள்ளிக்கொண்டு போனோம். போவதற்கு முன் ஒரு கறுப்புப் பை நீதிபதியின் காருக்குள் போனது. அதில் என்ன இருந்தது என்று நான் சொல்லமாட்டேன். கார் ஜன்னல் நாலும் திறந்திருந்தன என்று மட்டும் சொல்லுவேன்.

மறுநாள் சந்தையில் அராபா கூவியது ஒரே ஒரு சொல்தான்: "மிகக் கடுமையாக! மிகக் கடுமையாக!" கூட்டம் என் கடை வாசல் வரை நின்றது. எகுவாவால் பொறுக்க முடியவில்லை.

"கூண்டுல ஏறி நின்னவளுக்கு இவ்வளவு ஆட்டமா? என் மேல இதுவரைக்கும் ஒரு வழக்கு உண்டா?"

அராபா காசை முடிந்துகொண்டே நிமிர்ந்தாள். "அதைத்தான் நானும் கேக்கறேன். அன்னைக்கு நீயும்தான் தொட்டியைத் தொறந்து வெச்சிருந்தே. அவரு சந்து முனையில உன்னைத் தாண்டித்தானே என்கிட்ட வந்தாரு?"

சந்து முழுக்க ஒரு "ஊ" எழுந்தது. எகுவாவின் முகத்தில் ரத்தம் இல்லை. தொட்டியை மூடினாள், தலைமேல் ஏற்றினாள், நேராகச் சுகாதார அலுவலகத்துக்கு நடந்தாள். எனக்கும் அந்தப் பக்கம் ஒரு பொத்தான் வாங்க வேண்டியிருந்தது.

அயம்கா மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். தொட்டியைக் கண்டதும் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"என்னையும் புடிங்க மாஸா," என்றாள் எகுவா.

"எதுக்கு மாமே?"

"அழுகின மீனு விக்கிறேன். தெரிஞ்சே விக்கிறேன். நானே அழுக வெச்சேன். எழுதிக்குங்க. கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

"மாமே, நான் இனிமே மீனு வழக்கே—"

"அராபாவைப் புடிச்சீங்கல்ல? நான் எதுல குறைஞ்சவ? தொறந்து பாருங்க!"

அவளே மூடியைத் திறந்தாள். அயம்கா கடமையை மதிக்கிற மனிதர். எழுந்து வந்தார், குனிந்தார், முகர்ந்தார். கொஞ்சம் யோசித்தார். மறுபடி முகர்ந்தார். இப்போது அவருக்கு மூக்கு நன்றாகப் பழகியிருந்தது. மூடியை எடுத்து மெதுவாக, மரியாதையாக மூடினார்.

"இதுல குற்றம் ஒண்ணும் இல்ல மாமே. நீங்க போலாம்."

"நல்லா பாருங்க மாஸா!"

"பாத்துட்டேன். நல்ல மீனு. சுத்தமா இருக்கு."

எகுவா தொட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள், சந்தைக்குப் போகிற குறுக்கு வழியை விட்டுவிட்டு நீளமான வழியாக. நான் குறுக்கு வழியில் போனேன்; நான் கொஞ்சம் வேகமாக நடப்பவள். அவள் மீன் சந்துக்குள் நுழைந்தபோது பெண்கள் அராபாவை மாமே அபனேவாவின் நாற்காலியில் உட்கார வைத்து, தலையிலும் தோளிலும் ஜெயித்தவர்களுக்குத் தூவும் வெள்ளைப் பவுடரைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். ஈஸ்டர் வரைக்கும் யாருக்கும் பொறுமை இல்லை.